வெளியே என்றால் எந்த நாடு?

ஆராய்ச்சி என்ற சொல், நான் அதைப் பிழைப்பாக எடுத்துக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருந்தது. தட்டில் கிடக்கும் கத்திரிக்காயை ஓரமாகத் தள்ளிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், "சோத்துல என்னடா ஆராய்ச்சி? அள்ளித் தின்னுட்டு எந்திரி" என்பார் அம்மா. கடைக்கு அனுப்பி நேரமாகிவிட்டால், "அங்குட்டு நின்னு என்ன ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தே?" என்பார் அப்பா. ஆக, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் ஆராய்ச்சி. பிறகு நான் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக, வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டு உற்றுப் பார்த்து முனைவர் பட்டம் வாங்கினேன். வாங்கிய பிறகு யோசித்தால், வீட்டார் சொன்ன விளக்கத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை.

அப்பா காரைக்குடியில் குட்டியானை ஓட்டுகிறார். சின்னச் சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அம்மா பலகாரம் போட்டு விற்கும் ஓர் இடத்தில் முறுக்குப் பிழிகிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. அதனால் என் படிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் நான்தான் அவர்களுக்கு விளக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை எளிதாக இருந்தது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"பட்டம் வாங்கியாச்சுல்ல?" என்றார் அம்மா.

"வாங்கியாச்சும்மா."

"பெறகு ஏன்டா இன்னமும் அதே கட்டடத்துக்குப் போயிட்டு வாரே?"

"இது பட்டத்துக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி."

அம்மா அப்பா பக்கம் திரும்பினார். "பாசான பெறகும் அதே கிளாசுலதான் உக்கார வச்சிருக்காக போல."

அந்த வகுப்பும் பங்குனியோடு முடிவதாக இருந்தது. நான் வேலைபார்த்த திட்டத்துக்கு வந்த நிதி அதோடு தீர்ந்துவிடும், நீட்டிப்புக் கிடைக்காது என்று என் கைடு சார் தை மாதமே சொல்லிவிட்டார். கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பதும், வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போவதும், அவர்கள் கொடுத்த டீயையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவதும் எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தன. இன்னொரு பக்கம் அப்பாவுக்கு இடுப்புவலி. பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பயலுக்கு ஒரு வேலை அமையட்டும், மறுநாளே வண்டிய நிப்பாட்டிருவேன்" என்று அப்பா போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பு என் வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பங்குனிக்குள் எனக்கு ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கல்லூரி இல்லையென்றால் வேறெங்கே என்று கேட்டால், எங்கள் ஆய்வகத்தில் அதற்கு ஒரே சொல்தான் இருந்தது: வெளியே. எங்கள் உலகம் உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. உள்ளே என்றால் கட்டுரை, கருத்தரங்கு, பேராசிரியர் பதவி. வெளியே என்றால் மற்ற எல்லாமும். தொழிற்சாலை, அலுவலகம், பத்திரிகை, வங்கி, மளிகைக்கடை என்று மனித குலம் செய்யும் அத்தனை வேலையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். எனக்கு முன்பிருந்த சீனியர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், வெளிய போயிட்டாரு" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அவர் ஓசூரில் கார் வாங்கி, வீடு கட்டி, நன்றாகத்தான் இருந்தார்.

என்னோடு சேர்ந்து வெளியேயை எட்டிப்பார்த்தது, ஒக்கூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். ஆய்வேட்டை எழுதி முடிக்கும் நிலையில் இருந்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், அந்த மரியாதையோடு நிறுத்திக்கொள்வாள். முதலில் என் பயோடேட்டாவை அவளிடம்தான் காட்டினேன். கட்டுரைகள், கருத்தரங்குகள், ஆய்வைச் சுவரொட்டியாக எழுதி வைத்த இடங்கள், கலந்துகொண்ட பட்டறைகள் என்று எதையும் விடாமல் சேர்த்திருந்தேன். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள்.

"அண்ணே, இது பயோடேட்டாவா தீபாவளி மலரா?"

"எல்லாம் வேணும்ல?"

"கம்பெனிக்காரன் ஒரு பக்கந்தான் படிப்பான். உங்களுக்கு என்ன தெரியும்னு ஒரு பக்கத்துல எழுதுங்க."

இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், எதைப் படித்தேன் என்றுதான் கை எழுதுகிறது. இரும்பு ஏன் கெடுகிறது என்று தெரியும், எப்படித் தடுக்கலாம் என்றும் ஓரளவு தெரியும். இந்த இரண்டு வரியை எழுதுவதற்கு ஒரு வாரம் ஆனது.

வீட்டில் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவுசெய்தேன். அப்பா கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நல்ல மனநிலையில் இருந்தார். நான் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினேன்.

"அப்பா, நான் வெளிய போகலாம்னு இருக்கேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "போயிட்டு வா. இதுக்கு எதுக்கு என்கிட்ட கேட்டுக்கிட்டு? வயிறு சரியில்லையா?"

"அது இல்லப்பா. வேலைக்கு. மொத்தமா வெளிய போறதப் பத்திச் சொல்றேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். "ஒனக்கு நல்லதுன்னா போய்யா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு பேராசிரியருக்கு அம்மா ஆகும் வாய்ப்பு போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார்களே என்று எனக்கு ஒரே நிம்மதி.

நாலைந்து நாள் கழித்து, பக்கத்து வீட்டு அத்தை ஒரு கட்டைப் பையோடு வந்தார். அவர் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான்.

"மருமகனே, கொஞ்சந்தான் வச்சிருக்கேன். இட்லிப் பொடி, நார்த்தங்கா ஊறுகா, ரெண்டு பாக்கெட்டு சீப்புச் சீடை. பய கேட்டுக்கிட்டே இருக்கான். பெட்டியில எடம் இருந்தா வச்சுக்கங்க."

"எந்தப் பெட்டியில அத்தை?"

"நீங்க கொண்டுபோற பெட்டியிலதான். வெளிய போறீகளாம்ல, ஒங்கம்மா சொன்னாக. சிங்கப்பூரா துபாயான்னு கேட்டேன், இன்னும் சொல்லலைன்னாக. துபாய்னா சீடைய மட்டும் எடுத்துக்கிறேன், மத்தத நீங்களே சாப்பிடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் ஒருவர் கடல் தாண்டி இருப்பார். அவரைப் பற்றிக் கேட்டால் "வெளிய இருக்காக" என்பார்கள். நாட்டின் பெயர் அடுத்த கேள்விக்குத்தான் வரும். இத்தனை வருடம் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே வளர்ந்துவிட்டு, ஆய்வகத்துச் சொல்லை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அம்மா அழுதது பேராசிரியர் பதவிக்காக அல்ல, விமானத்துக்காக.

சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து விளக்கினேன். வெளியே என்றால் நாட்டை விட்டு இல்லை, காலேஜை விட்டு. ஒரு கம்பெனியில், இங்கேயே திருச்சி மதுரைப் பக்கம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "உள்ளூர்லதான் இருக்கப்போறேன்னு சொல்றதுக்காடா வெளிய போறேன்னு சொன்னே? நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. உன் பெரியம்மாகிட்ட வேற சொல்லிட்டேன், அவ கம்பளி எடுத்து வச்சிட்டா."

"சிங்கப்பூர்ல குளிராதும்மா."

"அது அவளுக்குத் தெரியுமா? நீ படிச்சவன், நீயே ஒழுங்காச் சொல்லலையே!"

அப்பா சிரித்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. சிலரிடம் கடைசிவரை சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "எப்பப்பா வந்தே?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கைடு சாரிடம் சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். கம்பெனிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அவர் அறையில் நின்றதும் பழக்கதோஷத்தில் வாயில் அதே சொல்தான் வந்தது. "சார், வெளிய போகலாம்னு பாக்குறேன்."

சார் முகம் மலர்ந்தது. "அருமை. எந்த நாடு? கொரியாவுல என் நண்பர் ஒருத்தர் இருக்காரு, இன்னைக்கே எழுதுறேன்."

"நாடு இல்ல சார். கம்பெனி."

"ஓ" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவர் கோபக்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான், அதில் என்னை ஏற்றிவிட்டவரும் அவர்தான். "இன்னொரு தடவை யோசிங்க. அங்க போனா ஆராய்ச்சி நின்னுபோயிரும்" என்றார். கடிதத்தை மட்டும் மறுநாளே கொடுத்துவிட்டார். அதில் என்னைப் பற்றி, எந்த முடிவுக்கும் அவசரப்பட்டு வராதவர் என்று புகழ்ந்து எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்துக்கொண்டே உறையை ஒட்டினேன்.

அடுத்த சில வாரங்களில், வெளியே எவ்வளவு பெரியது என்று கண்டுகொண்டேன். காப்புரிமைகளைத் தேடிப் படித்துச் சொல்லும் வேலை ஒன்று இருந்தது. தொலைபேசியில் பேசியவர், "உங்கள் ஆராய்ச்சியை ஒரு வரியில் சொல்லுங்கள்" என்றார். நான் பேசத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் சத்தமே இல்லாததைக் கவனித்தேன். இணைப்பு எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. அறுந்ததா, அவரே வைத்துவிட்டாரா என்பதும் தெரியவில்லை. அப்புறம் அறிவியல் கட்டுரைகளைச் செப்பனிடும் வேலை. ஒக்கூர்ப் பெண்ணும் நானும் ஒரே நாளில் தேர்வு எழுதினோம். மொழியை மட்டும் திருத்தச் சொல்லியிருந்தார்கள். நான் கட்டுரையாளரின் சோதனையிலேயே பிழை கண்டுபிடித்து, அதைப் பற்றி ஓரத்தில் ஒரு கட்டுரை எழுதி, நேரத்தைக் கோட்டைவிட்டேன். அவள் தேறிவிட்டாள். வீட்டிலிருந்தே பார்க்கலாமாம், ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் சேரச் சொன்னார்கள்.

"அண்ணே, அவுக வீட்டுல ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டா, நீங்க அஸ்திவாரத்தத் தோண்டிப் பாத்துட்டு வாரீக" என்றாள்.

அவள்தான் அடுத்த விளம்பரத்தையும் அனுப்பினாள். இரும்புக்கு அடிக்கும் பெயிண்ட் செய்கிற ஒரு நிறுவனம். பெயிண்ட் உரிந்தது, துருப்பிடித்தது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னால், அந்த இடத்துக்கே போய் என்ன காரணம் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரிலுள்ள இரும்பையெல்லாம் போய் உற்றுப் பார்ப்பதற்குச் சம்பளம்!

ஒரு பக்கப் பயோடேட்டாவை அனுப்பினேன். கணினி வழியாக ஒரு நேர்முகம் நடந்தது, இந்த முறை ஒரு வரியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு போன் வந்தது. மதுரையிலிருக்கும் அவர்களுடைய ஏரியா மேனேஜர் பேசினார். "வெள்ளிக்கிழமை அரியக்குடிப் பக்கம் ஒரு புகார் இருக்கு. ஒரு ஆச்சி வீடு. நீங்க உள்ளூர்தானே, அங்க வந்துருங்க. அதுதான் உங்களுக்கு ரெண்டாவது இன்டர்வியூ."

பங்குனி பாதி தாண்டியிருந்தது.

அது ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பெரிய வீடுகளில் ஒன்று. ஒரு பகுதியை வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக ஆக்கியிருந்தார்கள். போன வருடம் வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்ததில், ஜன்னல் கம்பிகளிலும் நடுமுற்றத்தைச் சுற்றியிருந்த இரும்புக் கிராதிகளிலும் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. வீட்டு ஆச்சிக்கு அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோர் குடிங்க, பெறகு திட்டுறேன்" என்றார்.

மோர் குடித்தோம். மேனேஜர் குட்டையான மனிதர், சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஓதம் ஆச்சி. பழைய வீடு, தரை ஈரம் மேல ஏறுது" என்றார்.

"நூறு வருசமா ஏறாத ஈரம், ஒங்க பெயிண்ட் அடிச்ச வருசந்தான் ஏறுச்சா?" என்றார் ஆச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி டாக்டர் பட்டமாம்ல. நீங்க சொல்லுங்க, ஏன் உரியுது?"

நான் கம்பியைப் பார்த்தேன். "பல காரணங்கள் இருக்கலாம் ஆச்சி. அடிப்பரப்பு சரியாத் தயாராகாம இருந்திருக்கலாம். காத்துல ஈரம் கூட இருந்திருக்கலாம். பிரைமரும் மேல் பூச்சும் ஒத்துப்போகாம இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்லணும்னா இன்னும் ஆய்வு..."

"தம்பி," என்று ஆச்சி கையை நீட்டித் தடுத்தார். "எத்தன 'லாம்'! எனக்கு ஒரு 'தான்' சொல்லுங்க போதும்."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற விண்ணப்பக்காரர்களின் முகங்கள் எல்லாம் தெரிந்தன. காது சுட்டது. இவ்வளவு காலம் நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் மேலும் ஆய்வு தேவை என்றுதான் முடிந்தது. அப்படி முடித்தால்தான் அங்கே மதிப்பு. இங்கே ஒரு பெண்மணி மோர்ச் சொம்போடு நின்று, முடிவைச் சொல் என்கிறார்.

"கொஞ்ச நேரம் சுத்திப் பாத்துட்டு வரட்டுமா ஆச்சி?" என்றேன்.

"பாருங்க, பாருங்க. வீடு எங்குட்டும் ஓடாது."

சுற்றினேன். முதல் ஜன்னலில் கம்பியின் கீழ்ப்பாதி உரிந்திருந்தது, மேல்பாதி புதுசாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. முற்றத்துக் கிராதியிலும் அதே உயரத்தில் ஒரு கோடு போட்டதுபோல் உரிசல் நின்றிருந்தது. தரை ஈரம் என்றால் அடியில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். இது அப்படிக் குறையவில்லை, ஒரே இடத்தில் சட்டென்று நின்றது. ஒரு அறையில் பெரிய பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். அதில் ஒரு செதில்கூட உரியவில்லை. அதே வீடு, அதே பெயிண்ட், அதே ஈரம். ஆனால் அந்த ஜன்னல் மட்டும் நன்றாக இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு வித்தியாசம்தான், பெயிண்டர்கள் பீரோவை நகர்த்தி அடித்ததோடு சரி, மற்ற நாளில் அங்கே யார் கையும் போகாது.

தலையை வெளியே எடுத்துக்கொண்டு நின்றபோது, வீட்டில் வேலைசெய்யும் அக்கா ஒருவர் முற்றத்துப் பக்கம் தேக்குக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பழைய துணி, பக்கத்தில் ஒரு கிண்ணம். துணியைக் கிண்ணத்தில் தோய்த்துக் கதவில் தேய்க்கத் தேய்க்க, மரம் கருகருவென்று மின்னியது. கதவை முடித்ததும் துணியை உதறாமல் அப்படியே பக்கத்து ஜன்னல் கம்பிகளில் ஒரு இழுப்பு இழுத்தார். கை எட்டிய உயரத்தோடு துணி நின்றது.

நான் கோட்டைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன்.

"அக்கா, கிண்ணத்துல என்ன?"

"நல்லெண்ண. வெள்ளிக்கெழமைன்னா கதவுக்கு எண்ண போடுவோம். துணியில மிச்சம் இருக்கும்ல, அத ஏன் வீணாக்கணும்னு கம்பியிலயும் துடைச்சு விட்டுர்றது."

"ரொம்ப வருசமாவா?"

"நான் வந்த நாள்லருந்து. எனக்கு முந்தி இருந்தவுகளும் இப்படித்தானாம்."

பெயிண்ட்டுக்கு மேலே தடவும் எண்ணெய் பெரிய கெடுதல் செய்யாது. அடியில் இருக்கும் எண்ணெய்தான் பெயிண்ட்டை ஒட்டவிடாது. ஆகவே கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. "போன வருசம் பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தியும் துடைச்சீகளா?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "துடைக்காமயா? பெயிண்டருங்க வாராகன்னு ஆச்சி சொன்னாக. அழுக்கு வீடுன்னு நம்மளச் சொல்லிரக் கூடாதுல்ல. மொத நாளே ஒரு கம்பி விடாம எண்ண போட்டுப் பளபளன்னு ஆக்கி வச்சிருந்தோம்!"

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆய்வகத்தில் ஒரு வரைபடம் எதிர்பார்த்தபடி வளையும்போது வருமே, அதேதான். வேகமாக ஆச்சியிடம் போனேன். மேனேஜர் இன்னும் ஓதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய்தான் ஆச்சி" என்றேன்.

'தான்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு உள்ளே யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. விளக்கமாகச் சொன்னேன். பெயிண்டர்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள், அதில் எண்ணெய் போயிருக்காது, இன்னும் நன்றாகப் பரவியிருக்கும். எண்ணெய்ப் பசைமேல் பெயிண்ட் படுத்திருக்கிறதே தவிர ஒட்டவில்லை.

மேனேஜர் கண்ணைச் சுருக்கினார். "நிச்சயமாவா?"

"நிச்சயந்தான் சார். இருந்தாலும் ஒரு சின்னச் சோதனை..."

"ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று அவர் நெற்றியில் கைவைத்தார்.

"ஒரே ஜன்னல்ல ரெண்டு கம்பி சார். ரெண்டையும் சுரண்டுவோம். ஒண்ண வெறும் உப்புத்தாள் மட்டும் போடுவோம். இன்னொண்ண தின்னர் ஊத்தி, எண்ணெய் சுத்தமாப் போறவரைக்கும் கழுவிட்டுத் தேய்ப்போம். ரெண்டுக்கும் ஒரே பெயிண்ட். ஒட்டுதா இல்லையான்னு டேப் ஒட்டி இழுத்துப் பாத்துருவோம்."

"எத்தன மாசம் ஆகும்?"

"நாளைக்குக் காலையில தெரிஞ்சிரும்."

மேனேஜர் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி, "ராத்திரி இங்கனயே தங்குங்க, ரூம் சும்மாதான் கெடக்கு. பெயிண்ட் உரிஞ்ச ரூமாத் தாரேன்" என்றார்.

அன்றைக்கே இரண்டு கம்பிக்கும் பெயிண்ட் அடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, மேனேஜர் குளித்து, திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டு, அந்த ஜன்னல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆச்சி, வேலைசெய்யும் அக்கா, விடுதியில் தங்கியிருந்த ஒரு வடநாட்டுத் தம்பதி என்று கூட்டம் கூடியிருந்தது. பெயிண்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தது. இரண்டு கம்பியிலும் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறினேன். டேப்பை ஒட்டி விரலால் அழுத்தித் தேய்த்தேன். இந்த ஒரு சாண் டேப்பில்தான் அப்பாவின் இடுப்பு இருக்கிறது என்று அப்போது தோன்றித் தொலைத்தது.

முதலில் கழுவிய கம்பி. டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தேன். வெறும் டேப் வந்தது. அடுத்து கழுவாதது. இழுத்தேன். கட்டங்கள் அத்தனையும் அப்பளம் மாதிரி டேப்போடு எழுந்து வந்தன, கம்பி கருப்பாகப் பல்லைக் காட்டியது.

"அடியாத்தி!" என்றார் அக்கா. வடநாட்டுத் தம்பதி எதற்கென்று தெரியாமலேயே கைதட்டினார்கள்.

ஆச்சி டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப வெள்ளிக்கெழமை எண்ண போடக் கூடாதுங்கிறீகளா? தேக்குக்கு எண்ண போடாட்டி வெடிச்சுப் போகும் தம்பி."

"கதவுக்குப் போடுங்க ஆச்சி. கம்பிக்கு வேணாம்."

"துணியில மிச்சம் இருக்குமே?" என்றார் அக்கா விடாமல்.

"கதவுத் துணி வேற, கம்பித் துணி வேறயா வச்சுக்கங்கக்கா. மறுபடி பெயிண்ட் அடிக்கிறப்ப மட்டும் வீட்டச் சுத்தம் பண்ணாம விட்டுருங்க. பெயிண்டர் ஏதாவது சொன்னா என் பேரச் சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது, நான் இன்னும் அந்தக் கம்பெனியின் ஆளே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மேனேஜருக்கும் வந்திருக்க வேண்டும், அவர் இருமினார். ஆச்சி அவரிடம் மறுபடி அடித்துத் தருவதைப் பற்றியும், தின்னருக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியும் பேச்சை எடுத்தார். அது கொஞ்ச நேரம் நடந்தது. நான் ஜன்னலோரம் நின்று, கழுவிய கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் அசையவில்லை.

பேச்சை முடித்த ஆச்சி திரும்பி, "தம்பி, இது சரி. மாடியில மழைத் தண்ணி வழியுற பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கு. அது வேற மாதிரி உரியுது, கொப்புளம் கொப்புளமா. அங்குட்டு யாரும் எண்ண போடுறதில்ல. அது ஏன்?" என்றார்.

என் வாயில் 'பல காரணங்கள்' வரை வந்துவிட்டது. மேனேஜர் அதற்குள் எழுந்து, சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

"என்னையப் பாக்காதீங்க. மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இனிமே அது உங்க வேலை."

"சார், அப்படின்னா..."

"திங்கக்கிழமை மதுரைக்கு வாங்க, ஆர்டர் வாங்கிக்கலாம். மொதல்ல ஏறுங்க, ஆச்சி நிக்கிறாகள்ல."

ஆச்சி ஏற்கெனவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதிப் படி ஏறியிருந்தார். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி அவர் பின்னால் ஓடினேன்.